கல்லூரிக்கு ஓட்ட ஒரு பழைய டர்போ கார்: பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கினேன். 2015 மாடல், இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், சென்னைப் பதிவு, 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. விலை 4,60,000 ரூபாய். கிணத்துக்கடவில் வீடு, பீளமேடு பக்கம் கல்லூரி. ஓட்டிப் பார்த்துப் பத்து நிமிடத்தில் முடிவு செய்தேன். அன்று மாலையே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்தது இது. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பெயர் மாற நான்கு மாதம் ஆனது. அந்த இடைவெளியில் பம்பர் உடைந்தது. இன்ஷூரன்ஸ் கிடைக்கவில்லை, 18,000 ரூபாய் கையிலிருந்து போனது. மூன்றாவது மாதம் கியர்பாக்ஸ் நின்றது. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் 1,65,000 ரூபாய் சொன்னார்கள். வெளியே ஒரு மெக்கானிக் அண்ணன் 62,000 ரூபாயில் சரி செய்து கொடுத்தார். அப்பா இதற்கெல்லாம் பணம் தயாராக வைத்திருக்கவில்லை.

வண்டியை இன்றைக்கும் நான்தான் ஓட்டுகிறேன், எனக்கு அது பிடித்த வண்டி. நான் செய்த தவறு வரிசையில் இருந்தது. முதலில் ஆசைப்பட்டு, பிறகு பணம் கொடுத்து, அப்புறம் பேப்பரைப் பார்த்து, கடைசியாகக் கணக்குப் போட்டேன். அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் கிடைப்பதுதான் கீழே உள்ள வழிமுறை. தமிழ்நாட்டில் தனி ஆளிடமோ, பழைய கார் விற்றுக் கொடுக்கும் கார் கன்சல்டிங்கிலோ வாங்கப்போகும் மாணவர்களையும், அவர்களுக்குப் பணம் கொடுக்கப்போகும் பெற்றோரையும் நினைத்து எழுதுகிறேன்.

1. வண்டி எங்கே நிற்கும்?

இதை யாரும் முதலில் கேட்பதில்லை. நம் ஊரில் நிறைய பொறியியல் கல்லூரிகள் மாணவர்களின் காரை வளாகத்துக்குள் விடுவதில்லை. சிலவற்றில் வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர்களுக்கு மட்டும் பாஸ் உண்டு, விடுதி மாணவர்களுக்குக் கிடையாது. அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். சீனியர்கள் சொல்வது போன வருட விதியாக இருக்கலாம்.

உள்ளே விடவில்லை என்றால் சாலையோரம்தான். உயரம் குறைந்த, டயர் பக்கவாட்டு மெல்லிய ஒரு காரைத் தினமும் எட்டு மணி நேரம் சாலையோரம் விட்டுவைப்பதை யோசித்துப் பாருங்கள். கல்லூரி வாசல் வேகத்தடையையும் ஒருமுறை பாருங்கள். நான்கு பேர் உட்கார்ந்தால் அடி இடிக்கும் என்றால் நண்பர்களை வாசலில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். இது எனக்குத் தினமும் நடக்கிறது.

2. மாதக் கணக்கைப் போடுங்கள்

கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு அப்பாவோடு உட்காருங்கள். என் கணக்கைக் காட்டுகிறேன், உங்கள் தூரத்தைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

தினமும் போக வர 55 கிலோமீட்டர், மாதம் 22 நாள், ஆகச் சுமார் 1,200 கிலோமீட்டர். பொள்ளாச்சி சாலையும் நகர நெரிசலும் சேர்ந்து என் வண்டி லிட்டருக்கு 13 தருகிறது. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் மாதம் சுமார் 9,400 ரூபாய். டர்போ இல்லாத சாதாரண ஹேட்ச்பேக் இதே சாலையில் 18 தரும்; அதற்கு 6,800 ரூபாய்தான்.

இன்ஷூரன்ஸ் எனக்கு வருடம் 21,000 ரூபாய் வந்தது, மாதத்துக்கு 1,750. முழு சிந்தெடிக் ஆயிலோடு சர்வீஸ் வருடம் 12,000 ரூபாய், மாதத்துக்கு 1,000. டயர் ஒன்று 7,500 ரூபாய். நான்கும் சேர்ந்து 30,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் வரும் என்று வைத்தால் மாதத்துக்கு 900. கூட்டினால் 13,050 ரூபாய். என் வகுப்புத் தோழனின் சாதாரண ஹேட்ச்பேக்குக்கு இதே கணக்கைப் போட்டோம், 9,100 ரூபாய்க்குள் முடிந்தது. வருடத்துக்கு ஏறத்தாழ 47,000 ரூபாய் வித்தியாசம். எதுவும் பழுதாகாமல் இருந்தாலே இவ்வளவு.

பழுதுக்கென்று தனியாக ஒரு தொகை வேண்டும். வாங்குவதற்கு வைத்திருக்கும் பணத்தில் நாலில் ஒரு பங்கைத் தொடாதீர்கள். 5 லட்சம் இருந்தால் 3,75,000 ரூபாய்க்கு உள்ளேதான் வண்டி தேட வேண்டும். என்னிடம் 4,75,000 இருந்தது, 4,60,000க்கு வாங்கினேன்.

கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் ஒரே வார்த்தை: மாதத் தவணையை மேலே சொன்ன கணக்கோடு கூட்டிப் பாருங்கள். பழைய கார் கடனுக்கு வட்டி புதுக் கார் கடனைவிட அதிகம். வருமானம் இல்லாத மாணவனுக்குத் தனியாகக் கடன் கிடைக்காது, வீட்டில் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

3. எந்த வண்டி?

இங்கே என் கருத்தைச் சொல்கிறேன். தினமும் ஓட்ட வேண்டிய மாணவனுக்கு மேனுவல் கியர் வாங்குங்கள். நம் நகரங்களில் வண்டி நின்று நின்று ஊர்ந்து போகும். ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் வைத்த இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு அந்த ஊர்தல் ஒத்துவராது. கிளட்ச் சூடாகும், தேயும். வண்டி புதிதாக, வாரண்டியோடு இருக்கும்போது அது நிறுவனத்தின் செலவு. பத்து வருடம் ஆன வண்டியில் அது உங்கள் செலவு.

எஞ்சின் அளவையும் பாருங்கள். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு, அதன் கட்டணம் சி.சி.யை வைத்துத்தான். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1,000 சி.சி. வரை வருடத்துக்கு 2,094 ரூபாய், 1,000க்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய், அதற்கும் மேல் போனால் 7,897 ரூபாய். இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. அதனால் 998, 999 சி.சி. டர்போ எஞ்சின்கள் நூறு குதிரைத்திறனுக்கு மேல் கொடுத்துக்கொண்டே குறைந்த கட்டணப் பிரிவில் உட்கார்ந்துவிடுகின்றன. நமக்கு இது நல்லது.

சந்தையில் மாணவர்கள் தேடும் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம். மாருதி பலேனோ ஆர்.எஸ். 2017இல் வந்து 2020 வாக்கில் நின்றது. 998 சி.சி. டர்போ, மேனுவல் மட்டும். அந்த எஞ்சின் குடும்பம் இப்போது ஃப்ரான்க்ஸில் ஓடுகிறது என்பதால் உதிரிபாகக் கவலை குறைவு. ஃபோக்ஸ்வேகன் போலோ 2022இல் நின்றுவிட்டது. 2020க்குப் பிறகு வந்த ஒரு லிட்டர் டி.எஸ்.ஐ. டர்போ எஞ்சின் டைகுன், விர்ட்டஸ் கார்களிலும் இருக்கிறது. அதற்கு முந்தைய 1.2 டி.எஸ்.ஐ. வேறு எஞ்சின், கூடவே ஏழு கியர் இரட்டை கிளட்ச். விளம்பரத்தில் இரண்டையும் ஒரே பெயரில் போடுவார்கள், ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021இல்தான் வந்தது, விலை இன்னும் இறங்கவில்லை. ஃபியட் புன்ட்டோ அபார்த் 145 குதிரைத்திறன், பார்த்தாலே மனசு போகும். ஆனால் ஃபியட் தன் பெயரில் இங்கே கார் விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. ஒரு சென்சாருக்காக மூன்று வாரம் காத்திருக்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா? செமஸ்டர் நடுவில் எனக்கு இருக்காது.

பெட்ரோல் விஷயம் ஒன்று. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கிறது. பழைய வண்டிகள் அதற்காக வடிவமைக்கப்படவில்லை. வண்டியின் கையேட்டிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ எத்தனை சதவீதம் வரை தாங்கும் என்று போட்டிருக்கும், பாருங்கள். ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

4. நேரில் போகும் முன் ஆர்.சி.

வண்டி எண்ணை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் அதைச் செய்யாமல் நான்கு மாதம் அலைந்தேன்.

முதலில் எச்.பி. அதாவது வண்டி மேல் இருக்கும் கடன் பதிவு. எனக்கு விற்றவர் கடனைக் கட்டி முடித்திருந்தார், ஆட்சேபம் இல்லை என்று வங்கி என்.ஓ.சி. கடிதமும் கொடுத்திருந்தது. ஆனால் அவர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து எச்.பி.யை நீக்கவில்லை. கன்சல்டிங்கில் "அது ஒண்ணும் இல்ல தம்பி, ஒரு வாரத்துல எடுத்துடலாம்" என்றார்கள். நம்பினேன். வங்கிகள் தரும் என்.ஓ.சி. பொதுவாக மூன்று மாதம்தான் செல்லும். இது காலாவதி ஆகியிருந்தது. புதிதாக வாங்க, கடன் எடுத்தவரே கிளைக்குப் போக வேண்டும். அவர் வேலை மாறி ஓசூரில் இருந்தார். பணம் கைக்கு வந்த பிறகு அவருக்கு என்ன அவசரம்?

ஆகவே செயலியில் எச்.பி. என்று ஏதாவது வங்கியின் பெயர் தெரிந்தால், அதை நீக்கிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். விற்பவர் உண்மையாக விற்க நினைத்தால் செய்துவிட்டுக் கூப்பிடுவார்.

இரண்டாவது, வேறு மாநிலப் பதிவு. கோவையில் கே.எல். (கேரளா), கே.ஏ. (கர்நாடகா) வண்டிகள் 50,000, 60,000 குறைத்துக் கிடைக்கும். புதுச்சேரி எண்ணும் அப்படியே. குறைவதற்குக் காரணம் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28இல் என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே வண்டியின் வயதுக்கேற்ப லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும், பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதியை அலைந்து திரும்பப் பெற வேண்டும். மலிவாகக் கிடைத்த தொகை இதிலேயே போய்விடும். படிக்கிற பையனுக்கு இந்த அலைச்சல் வேண்டாம்.

மூன்றாவது, எத்தனையாவது உரிமையாளர், தயாரித்த மாதம், பதிவு செய்த மாதம். 2016 மாடல் என்று விளம்பரம் போட்ட வண்டி 2015 மார்ச்சில் தயாரித்ததாக இருக்கும். விலை பேசும்போது தயாரித்த ஆண்டைச் சொல்லிப் பேசுங்கள். பரிவாகன் தளத்தில் இ-சலான் பகுதியில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மாதிரி வண்டிகளுக்கு அதிவேக அபராதம் சகஜம். பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நிற்கும்.

5. குளிர்ந்த எஞ்சினோடு பாருங்கள்

காலை ஏழு மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போ சீல் போயிருக்கலாம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கூலண்ட் குறைந்தும் இருந்தால் ஹெட் கேஸ்கட் வரை சந்தேகப்பட வேண்டும். டர்போ வண்டிக்கு ஆயில்தான் உயிர். கடைசி மூன்று சர்வீஸ் பில் இல்லாத டர்போ வண்டியை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். "டாக்டர் ஓட்டின வண்டி" என்ற பேச்சு பில்லுக்கு ஈடாகாது.

வெளிப்புறம்: பானெட், கதவு, டிக்கி போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு, கண்ணாடிகளில் உள்ள ஆண்டுக் குறிகள் ஒன்றுக்கொன்று மாறுவது, கதவு ரப்பரை விலக்கினால் பில்லரில் தெரியும் வெல்டிங். பம்பர் மாற்றியிருந்தால் பரவாயில்லை, பில்லர் அடிபட்டிருந்தால் வேண்டாம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்தாறு வருடத்துக்கு மேலான டயரில் பள்ளம் ஆழமாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். அந்த 30,000 ரூபாயை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

சென்னைப் பதிவு என்றால் வெள்ளத்தை மறக்காதீர்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் நின்றன. பிறகு துடைத்து வெளி மாவட்டங்களுக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மேலே சுத்தம் செய்தவர்கள் அதன் அடிநுனியைத் தொட்டிருக்க மாட்டார்கள். சேற்றுக் கோடு அங்கே தெரியும். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், கார்ப்பெட்டுக்கு அடியில் பூஞ்சை வாடை. ஒன்று இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

மாற்றங்கள் தனிக் கதை. ஸ்போர்ட்டி வண்டி வைத்திருந்தவர் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர். சத்தம் போடும் சைலன்சர், தாழ்த்திய சஸ்பென்ஷன், எஞ்சின் கம்ப்யூட்டரைத் திருத்திச் சக்தி கூட்டியது என்று ஏதாவது செய்திருப்பார். "60,000 செலவு பண்ணியிருக்கேன் ப்ரோ" என்பார். அது உங்களுக்கு மதிப்புக் கூட்டாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றி ஓட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் கேட்கும் நாளில் இதையே காரணமாகக் காட்டலாம். பழைய சைலன்சரும் ஸ்பிரிங்கும் இருக்கிறதா என்று கேட்டு, மாட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். சக்தி கூட்டிய எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓட்டிப் பார்ப்பது குறைந்தது நாற்பது நிமிடம். காந்திபுரம் மாதிரி நெரிசலில் இருபது நிமிடம் ஊருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறுகிறதா, ரிவர்ஸ் விழத் தாமதமாகிறதா என்று கவனியுங்கள். என் வண்டி அன்றைக்கே லேசாக உதறியது. "டர்போ வண்டி அப்படித்தான்" என்றார்கள். அப்படி இல்லை.

6. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள்

விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். அந்த பிராண்டு வண்டிகளையே வேலை பார்க்கும் ஒருவரை நீங்களே பிடியுங்கள். கோவையில் செட்டிபாளையம் ரேஸ் டிராக் இருப்பதால் டர்போ எஞ்சின் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. ஸ்கேனர் போட்டு, லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க 1,500 முதல் 3,000 ரூபாய் கேட்பார்கள். கொடுங்கள். ஸ்கேன் செய்யும் முன் பிழைக் குறிகளை அழித்து வைத்திருக்கலாம் என்பதால், ஓட்டி முடித்த பிறகு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ், ஏர்பேக் கம்ப்யூட்டர்களில் பதிவான கிலோமீட்டரும் மீட்டரில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று சில ஸ்கேனரில் தெரியும். அதே பிராண்டின் சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி, உரிமையாளரையும் வைத்துக்கொண்டு கேட்டால் பழைய சர்வீஸ் விவரம் கிடைக்கும்.

எனக்குக் கியர்பாக்ஸ் சரி செய்து கொடுத்த அண்ணன் பில் எழுதிக்கொண்டே சொன்னார்: "வாங்கறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா ரெண்டாயிரத்துல சொல்லியிருப்பேனே தம்பி." எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை.

7. இன்ஷூரன்ஸ் விலையை முன்கூட்டியே கேளுங்கள்

விற்பவர் கட்டும் தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். க்ளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி, அதாவது என்.சி.பி., ஆளோடு போவது, வண்டியோடு வருவதில்லை. அவருக்கு 50 சதவீதம் தள்ளுபடி இருந்தால் உங்களுக்குப் பூஜ்யம். பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது, மீதி மாதங்களுக்கான அந்தத் தள்ளுபடியை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

ஐந்து வருடத்துக்கு மேலான வண்டிகளுக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி கிடைப்பது கடினம். அது இல்லையென்றால், க்ளெய்மில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். ஸ்போர்ட்டி வண்டியில் முன்னால் பின்னால் பக்கவாட்டில் எல்லாம் பிளாஸ்டிக்தான். பாதிப் பணம் உங்களுடையது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வண்டி அப்பா பெயரில், ஓட்டுவது நீங்கள் என்றால் பாலிசி செல்லும். லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் போதும். ஆனால் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு அப்பாவுக்குத்தான், ஓட்டும் உங்களுக்கு இல்லை. உங்களுக்கென்று தனி விபத்துக் காப்பீடு எடுங்கள். வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான், தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

8. பணம் கொடுப்பது

அட்வான்ஸ் 10,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம். பேப்பர் சரியில்லை என்றால் திருப்பித் தருவேன் என்று எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. மீதித் தொகை வங்கி வழியாக, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்குப் போக வேண்டும். கன்சல்டிங்கில் தங்கள் கணக்கில் போடச் சொன்னால், அவர்கள் பெயரில் பில்லும் ரசீதும் கேளுங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை.

நான் இப்போது வாங்கினால் முழுப் பணத்தையும் ஒரே நாளில் தர மாட்டேன். 30,000 ரூபாயை நிறுத்தி வைத்து, புது ஆர்.சி. வந்த அன்று தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பேன். விற்பவர் தயங்கினால் அவருக்கும் இதில் நன்மை இருக்கிறது என்று விளக்குங்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்படுவார், விபத்து இழப்பீடும் அவர் தலையில்தான் விழும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இதைக் கேட்டதும் எனக்கு விற்ற ஓசூர்க்காரர் மறுநாளே வங்கிக்குப் போனார். எனக்கு இது நான்காவது மாதத்தில்தான் தெரிந்தது.

சாவி வாங்கும்போது டெலிவரி நோட் ஒன்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தேதி மட்டும் போதாது, மணியும் எழுதுங்கள். இரண்டு சாவியும் வாங்குங்கள். ரிமோட் சாவி ஒன்று தொலைந்திருந்தால் புதிதாகச் செய்யப் பல ஆயிரம் ஆகும்.

9. பெயர் மாற்றம்

சாவி வாங்கும் அன்றே விற்பவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியவை: படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, எச்.பி. இருந்து இப்போதுதான் நீக்குகிறார்கள் என்றால் வங்கி முத்திரையோடு படிவம் 35 இரண்டு பிரதி, கூடவே வங்கியின் என்.ஓ.சி. அவருடைய ஆதார், பான் நகல். அசல் ஆர்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. உங்கள் பக்கம் ஆதார், பான், புகைப்படம். வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு "அப்புறம் மாத்திக்கலாம்" என்று கன்சல்டிங்கில் சொல்வார்கள். அந்த ஓப்பன் ஃபார்மை ஒப்புக்கொள்ளாதீர்கள். தேதியும் உங்கள் பெயரும் உங்கள் கண் முன் நிரப்பப்பட வேண்டும்.

ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்பவர் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் வாங்கியவர் தெரிவிக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, பேப்பரை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுக்கலாம். அரசுக் கட்டணம் எனக்கு எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய் சொச்சம்தான் ஆனது. ஏஜென்ட் 4,000 கேட்டார். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் நீங்களே செய்யலாம். விற்பவரின் மொபைலுக்கு ஓ.டி.பி. வரும் என்பதால் அவர் அந்த நேரம் போனை எடுக்கிற மாதிரி பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பழைய எண் பதிவில் இருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும்.

இன்ஷூரன்ஸ் மாற்றத்துக்கும் 14 நாள்தான். இதில்தான் என் 18,000 ரூபாய் போனது. வண்டி கைமாறினால் மூன்றாம் நபருக்கான பாதுகாப்புத் தானாக உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. பாலிசி பழைய பெயரில் இருக்கும்போது பம்பர் உடைந்தால் அவருக்கு வண்டி இல்லை, உங்களுக்குப் பாலிசி இல்லை. ஆர்.சி. மாறத் தாமதமானாலும் படிவம் 29, 30 நகலோடு இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு உடனே எழுதிக் கொடுங்கள். அது ஏற்றுக்கொள்ளப்படும் வரை வண்டியை வீட்டிலேயே நிறுத்துங்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

10. முதல் மாதம்

வந்ததும் எஞ்சின் ஆயில், எல்லா ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் மாற்றிவிடுங்கள். பழைய சர்வீஸ் ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் உங்கள் கணக்கு அன்றிலிருந்து தொடங்கட்டும். விற்பவரின் ஃபாஸ்டேக்கை அவர் மூட வேண்டும், நீங்கள் புதிதாக வாங்க வேண்டும். ஒரு வண்டிக்கு ஒன்றுதான் செல்லும். புகைச் சான்று பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஒரு வருடம் செல்லும், முடியும் தேதியை மொபைலில் போட்டு வையுங்கள். புது ஆர்.சி. வந்ததும் டிஜிலாக்கரில் இழுத்து, எச்.பி. கட்டம் காலியாக இருக்கிறதா, இன்ஜின் எண், சேஸிஸ் எண் சரியா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். என்னுடையதில் அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்த இன்னொரு முறை வரிசையில் நின்றேன்.